காலேஜ் கிளப்பில் எந்தப் பொறுப்பை எடுப்பது, எப்படி எடுப்பது

வேலூர் பக்கம் இன்ஜினியரிங் படித்துவிட்டு, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு ட்ரெய்னி இன்ஜினியராகப் போகிறவருக்கு முதல் மூன்று மாதத்தில் என்ன வேலை வருகிறது என்று பாருங்கள். காலை ஷிப்ட் ஆரம்பிக்கும்போது எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். வராதவரின் வேலையை யாருக்குக் கொடுப்பது என்று பத்து நிமிஷத்தில் முடிவு செய்ய வேண்டும். இருபது வருஷம் மூத்த ஃபிட்டரிடம் மரியாதை குறையாமல் வேலை வாங்க வேண்டும். சாயங்காலம் நடந்ததை லாக் புக்கில் எழுதி அடுத்த ஷிப்டிடம் ஒப்படைக்க வேண்டும். இதில் எதுவும் செமஸ்டர் தேர்வில் வராது. ஆனால் ஒரு சிம்போசியத்தில் (வெளி காலேஜ் மாணவர்களும் வந்து போட்டியிடும் டிபார்ட்மெண்ட் நிகழ்ச்சி) சாப்பாட்டுக் கமிட்டியை முழுதாகப் பார்த்துக்கொண்டவருக்கு இதில் பாதி ஏற்கெனவே பழகியிருக்கும்.

முழுதாக என்று சொல்லக் காரணம் உண்டு. கமிட்டியில் பெயர் மட்டும் இருந்தவருக்கு ஒன்றும் பழகியிருக்காது. அதனால் ஒரு பொறுப்பை ஒப்புக்கொள்ளும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் கணக்கில் செலவாகும் பணம் இதில் இருக்கிறதா? நான் பிரித்துக் கொடுத்தால்தான் வேலை தொடங்கும் ஆட்கள், குறைந்தது மூன்று பேர், இருக்கிறார்களா? தள்ளிப்போட முடியாத தேதி ஒன்று இருக்கிறதா? இரண்டுக்காவது ஆமாம் என்றால் எடுங்கள். மூன்றும் இல்லை, ஆனால் ஃப்ளெக்ஸில் ‘ஜாயின்ட் செக்ரட்டரி’ என்று போட்டோ வரும் என்றால் அந்தப் பதவி வேறு யாருக்காவது போகட்டும்.

எந்த வருஷம் எதை

முதல் வருஷம் வாலண்டியராக நின்றால் போதும். நாற்காலி தூக்குங்கள், ரிஜிஸ்ட்ரேஷன் மேசையில் உட்காருங்கள், எங்கே தாமதமாகிறது என்று பாருங்கள். என்.எஸ்.எஸ்., என்.சி.சி. இரண்டுக்கும் மட்டும் இது பொருந்தாது. அவற்றில் முதல் வருஷமே சேர்ந்துவிட வேண்டும். என்.எஸ்.எஸ்.ஸில் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரச் சேவையும் ஒரு 7 நாள் சிறப்பு முகாமும் கணக்கு. என்.சி.சி.யில் ‘சி’ சர்டிபிகேட் வரை போக மூன்று வருஷம் ஆகும். மூன்றாம் வருஷத்தில் ஞானோதயம் வந்து யூனிஃபார்ம் கேட்டால் காலம் போதாது.

இரண்டாம் வருஷம் ஒரே ஒரு வேலையை, அதன் தொடக்கம் முதல் பில் ஒப்படைப்பது வரை, எடுத்துச் செய்யுங்கள். உச்சப் பொறுப்பு ஐந்தாம், ஆறாம் செமஸ்டரில் வர வேண்டும். ஏழாம் செமஸ்டர் தொடங்கும்போதே பிளேஸ்மென்ட் கம்பெனிகள் வரத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் காட்பாடிக்கும் சத்துவாச்சாரிக்கும் அலைந்துகொண்டிருப்பது புத்திசாலித்தனம் இல்லை. நான்காம் வருஷம் ஜூனியர் கேட்டால் பதில் சொல்லும் இடத்தில் இருங்கள்.

ஒரே சமயத்தில் இரண்டு கிளப்புக்கு மேல் வேண்டாம். சாதாரண வாரத்தில் ஆறு மணி நேரம், நிகழ்ச்சி வாரத்தில் பதினைந்து மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் செமஸ்டர் தேர்வு எழுதுவதே சிக்கலாகும். அரியர் விழுந்தால் பல கம்பெனிகளின் முதல் வடிகட்டலிலேயே பெயர் போய்விடும். நீங்கள் நடத்திய சிம்போசியத்தைப் பற்றிக் கேட்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் சிம்போசியம்: தேதியும் பட்ஜெட்டும்

முழுப் பயிற்சி கிடைக்கும் இடம் டிபார்ட்மெண்ட் சிம்போசியம்தான். அதில் பணமும் ஆளும் தேதியும் சேர்ந்தே வருகின்றன. அதனால் இதைச் சற்று நிதானமாகவே பார்க்கலாம்.

முதல் வேலை தேதி. காலேஜ் காலண்டரில் இன்டர்னல், மாடல் எக்ஸாம் நாட்களை அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வேலூரில் இன்னும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். பௌர்ணமி நாளில் திருவண்ணாமலை கிரிவலத்துக்குச் சிறப்புப் பஸ்கள் விடுவார்கள், வழக்கமான பஸ்ஸில் ஏறவே முடியாது. வெளியூர் மாணவர்கள் பஸ்ஸில் வருவதாக இருந்தால் அன்று வைக்காதீர்கள். ஆவணி, தை, மாசி முகூர்த்த நாட்களில் நல்ல சமையல்காரரும் ஷாமியானாக்காரரும் கிடைக்க மாட்டார்கள், கிடைத்தாலும் ரேட் வேறு. ஆடியில் கல்யாணம் இல்லாததால் அவர்களே இறங்கி வந்து பேசுவார்கள், ஆனால் ஆடிக் கிருத்திகையை விட்டு நாள் பார்க்க வேண்டும். ரத்தினகிரிக்கும் திருத்தணிக்கும் போகும் கூட்டம் ரோட்டையும் ரயிலையும் நிரப்பிவிடும். மூன்றாவது, ஏப்ரல் வெயில். வேலூர் வெயிலில் திறந்தவெளி ரோபோ பந்தயம் வைத்தால் ரோபோவுக்கு முன் நடுவர் விழுவார். பிப்ரவரியில் வைப்பது பத்திரம்.

தேதி முடிவானதும் பட்ஜெட். கீழே இருப்பது கணக்குப் போடும் முறையைக் காட்ட ஓர் உதாரணம். ரேட்டை உங்கள் ஊரில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பங்கேற்பாளர் 200 பேர், கட்டணம் தலைக்கு ரூ.250. வரவு ரூ.50,000.
மதியச் சாப்பாடு: பங்கேற்பாளர் 200, வாலண்டியர் 45, ஸ்டாஃபும் விருந்தினரும் 15. மொத்தம் 260 பேருக்கு ரூ.120 வீதம் ரூ.31,200.
டீ, பிஸ்கட் இரண்டு வேளை: 260 பேர், வேளைக்கு ரூ.12 வீதம் ரூ.6,240.
ஐந்து போட்டிகளுக்குப் பரிசு: ரூ.12,500.
சர்டிபிகேட் 250: ரூ.3,750.
பேனர், பிரிண்ட்: ரூ.4,000.
சிறப்பு விருந்தினர் பயணம், நினைவுப் பரிசு: ரூ.3,500.

செலவு ரூ.61,190. அதாவது ரூ.11,190 துண்டு விழுகிறது. இதோடு கணக்கை மூடிவிட்டு ஸ்பான்சர் தேடி ஓடுவதுதான் வழக்கமான தப்பு. இன்னொரு அடி போடுங்கள். ஒரு பங்கேற்பாளர் கூடுதலாக வந்தால் சாப்பாடும் டீயும் சேர்த்து ரூ.144 செலவு, ரூ.250 வரவு, மிச்சம் ரூ.106. பங்கேற்பாளர் ஒருவர்கூட வராவிட்டாலும் ஆகிற செலவு (பரிசு, சர்டிபிகேட், பேனர், விருந்தினர், 60 பேர் நம்மவர் சாப்பாடு) ரூ.32,390. அதை 106ஆல் வகுத்தால் 306. ஆக 306 பேர் வந்தால்தான் கை கடிக்காது. 200 பேர் என்று நினைத்து 150 பேர் வந்தால் துண்டு ரூ.16,490 ஆகிவிடும். இந்த மூன்று எண்ணையும் எழுதிக்கொண்டு ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) அறைக்குப் போங்கள். “சார், கொஞ்சம் பணம் தேவைப்படுது” என்பதற்கும் “சார், 150 பேர் வந்தா பதினாறாயிரத்து ஐந்நூறு, 200 பேர் வந்தா பதினொண்ணாயிரத்து இருநூறு டிபார்ட்மெண்ட் தர வேண்டியிருக்கும், ஸ்பான்சர் கிடைச்சா குறையும்” என்பதற்கும் கிடைக்கிற பதில் ஒன்றாக இருக்காது. நாளைக்கு ஒரு பிராஜெக்ட் எஸ்டிமேட்டை மேனேஜர் மேசையில் வைக்கும்போதும் நிலைச் செலவு, ஆளுக்கேற்ற செலவு, எத்தனையில் கட்டுப்படியாகும் என்ற இதே மூன்றைத்தான் கேட்பார்கள். எதிர்பாராத செலவுக்கு மொத்தத்தில் 10 சதவீதம் தனியாக ஒதுக்குங்கள். அதை வேறு தலைப்பில் ஒளித்து வைக்க வேண்டாம், வெளிப்படையாகவே எழுதுங்கள்.

பெர்மிஷன் லெட்டர் ஸ்டாஃப் கோஆர்டினேட்டர், ஹெச்.ஓ.டி., பிரின்சிபால் என்று மூன்று மேசை தாண்டும். ஒரு மேசைக்கு இரண்டு வேலை நாள் என்று வையுங்கள். வாலண்டியர்களுக்கான ஓ.டி. (வகுப்பில் இல்லாவிட்டாலும் அட்டெண்டன்ஸ் தரும் ‘ஆன் டியூட்டி’) லிஸ்ட், ரெஜிஸ்டர் நம்பருடன், குறைந்தது மூன்று நாள் முன்பே போக வேண்டும். நிகழ்ச்சி முடிந்த பிறகு ஓ.டி. கேட்டு ஒவ்வொரு ஸ்டாஃபிடமும் போய் நின்றால், அடுத்த வருஷம் உங்களுக்கு வாலண்டியர் கிடைக்க மாட்டார்.

சாப்பாடும் கரெண்டும்

சிம்போசியம் கெடுவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். மேடைப் பேச்சு சுமாராக இருந்தால் யாரும் நினைவு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

சமையல்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே எண்ணிக்கையை எப்போது உறுதியாகச் சொல்ல வேண்டும், கடைசி நேரத்தில் எத்தனை பேர் வரை கூட்ட முடியும் என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரிஜிஸ்ட்ரேஷன் மேசையிலேயே டோக்கன் கொடுங்கள். பங்கேற்பாளருக்கு ஒரு நிறம், வாலண்டியருக்கு ஒரு நிறம், விருந்தினருக்கு ஒரு நிறம். பதினொரு மணிக்குக் கொடுத்த டோக்கனை எண்ணிச் சமையல்காரருக்கு போன் செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒரு மணிக்கு வரும் வசனம் இது: “தம்பி, நூறு பேருன்னு சொன்னீங்க, நூத்தம்பது பேர் வந்து நிக்கறாங்க, இப்ப நான் இன்னா பண்றது?” கணக்கில் விடுபடுகிறவர்கள் எப்போதும் அதே ஆட்கள்தான்: வாலண்டியர்கள், லேப் உதவியாளர்கள், பஸ் டிரைவர்கள், அன்று காலை நேரில் வந்து பதிவு செய்தவர்கள். வாலண்டியர்களைக் கடைசியில் சாப்பிட வைப்பது சரிதான். ஆனால் அவர்கள் சாப்பாட்டைத் தனியாக எடுத்து மூடி வைத்துவிட்டு அப்படிச் செய்ய வேண்டும்.

கரெண்ட் விஷயத்தில் இ.இ.இ. (எலெக்ட்ரிக்கல்) மாணவர்களே தவறுவது வேடிக்கை. ஒரு வொர்க்‌ஷாப்பில் 30 லேப்டாப், ஒவ்வொன்றின் அடாப்டரும் 65 வாட். மொத்தம் 1,950 வாட். 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.5 ஆம்பியர். செமினார் ஹால் சுவரில் இருப்பது 6 ஆம்பியர் பிளக். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அந்த பாக்ஸில் இன்னொரு பாக்ஸ் என்று ரயில் பெட்டி மாதிரி கோத்தால் ஒயர் சுடும், எம்.சி.பி. (லோடு கூடினால் தானே அணையும் சுவிட்ச்) விழும், புரொஜெக்டரும் சேர்ந்து அணையும். பத்துப் பத்து லேப்டாப்பாகப் பிரித்து, வெவ்வேறு எம்.சி.பி.யிலிருந்து வரும் மூன்று பிளக்கில் கொடுத்தால் ஒன்றுக்கு 2.8 ஆம்பியர்தான் வரும். எந்த பிளக் எந்த எம்.சி.பி.யில் இருக்கிறது என்பது காலேஜ் எலெக்ட்ரீஷியனுக்குத் தெரியும். முதல் நாள் மதியம் அவரைக் கூட்டிப்போய், ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, பிளக்கின் மேல் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள். “அண்ணே, ஒரு பத்து நிமிஷம் வந்து காட்டிக் குடுங்க” என்று கேட்டால் வராதவர் அபூர்வம். நிகழ்ச்சி நாளில் அவசரமாகக் கூப்பிட்டால் வருபவரும் அபூர்வம்.

பணத்தைத் தொடும் முறை

சொந்த யு.பி.ஐ. எண்ணில் கட்டணம் வாங்காதீர்கள். காலேஜ் அல்லது டிபார்ட்மெண்ட் கணக்குக்கே போகட்டும். ரொக்கம் வந்தால் இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அன்றே ஆபீஸில் கட்டிவிடுங்கள். ஆட்டோ, சுமை கூலி போன்று பில் வராத செலவுக்கு, தேதி, தொகை, வாங்கியவர் கையெழுத்துடன் வவுச்சர் எழுதுங்கள். லாங்கு பஜாரில் வாங்கும் பொருளுக்குக் கடைப் பெயர் அச்சிட்ட பில் கேளுங்கள், துண்டுச் சீட்டு ஆபீஸில் செல்லாது. நிகழ்ச்சி முடிந்து ஏழு நாளைக்குள் கணக்கு ஒப்படைத்துவிட வேண்டும். இரண்டு வாரம் தாண்டினால் பில் தொலையும், நினைவு தொலையும், கடைசியில் நண்பர்களுக்குள் சந்தேகம் மட்டும் மிஞ்சும். பணம் எடுக்காதவர்மீதும் பழி விழுவது பெரும்பாலும் கணக்கு தாமதமானதால்தான்.

ஆட்களை நடத்துவது

ஆம்பூர், குடியாத்தம், ஆரணி, திமிரியிலிருந்து வரும் டே ஸ்காலர்கள் சாயங்கால காலேஜ் பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர இரவாகிவிடும். மீட்டிங்கை ஆறு மணிக்கு வைக்கும் தலைவர் டீமில் பாதியை, குறிப்பாகப் பெண்களை, அன்றே இழந்துவிட்டார். பிறகு ‘அவங்க இன்ட்ரஸ்ட் காட்டல’ என்று குறை சொல்வதில் நியாயமில்லை. மதிய இடைவேளையில் இருபது நிமிஷம் போதும். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் வாட்ஸ்அப் குரூப்பில் அன்றே எழுதிவிடுங்கள். கணக்கு, போஸ்டர், காலேஜ்களுக்கு அழைப்பு அனுப்புவது போன்ற வேலைகளை பஸ்ஸில் போகும்போதே போனில் முடிக்கலாம். மேடை அலங்காரம், இரவு வேலையை ஹாஸ்டலர்களுக்குக் கொடுங்கள்.

வேலை முடிக்காதவரை குரூப்பில் திட்டாதீர்கள். தனியாக, தேதியை வைத்துக் கேளுங்கள்: “செவ்வாய்க்கிழமை போஸ்டர் வரணும்னு பேசினோம், இன்னிக்கு வியாழன். எங்க மாட்டிக்கிச்சு?” பெரும்பாலும் காரணம் சோம்பலாக இருக்காது. லோகோ கிடைத்திருக்காது, அல்லது விருந்தினர் பெயர் உறுதியாகியிருக்காது, அதைக் கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பார். இரண்டாம் முறையும் தவறினால் வேலையை மாற்றுங்கள், ஆளை வெளியே அனுப்பாதீர்கள். மூன்றாம் முறைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் என்ற தேசிய மாணவர் போட்டியில் டீமுக்கு ஆறு பேர், அதில் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும் என்பது விதி. விதிக்காக ஒரு பெண்ணைச் சேர்த்து அவரிடம் பி.பி.டி. வேலையைத் தள்ளும் டீம்கள் நிறைய உண்டு. அந்த டீமுக்கு உண்மையில் ஐந்து பேர்தான், அதை ஜூரி இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள். பாஹா மாதிரி, மாணவர்களே வண்டி கட்டி ஓட்டும் போட்டிகளில் தலைவரின் வேலை ஸ்டீயரிங்கில் இல்லை. டிசைனை நிறுத்தும் தேதியை அறிவித்து, அதன் பிறகு யார் எவ்வளவு நல்ல யோசனை சொன்னாலும் “அடுத்த வண்டிக்கு” என்று சொல்லத் தெரிவதுதான் அந்த வேலை.

கிராம முகாம்: கேட்டுவிட்டுச் செய்வது

என்.எஸ்.எஸ். முகாமுக்கு அணைக்கட்டு, கணியம்பாடி பக்கம் ஒரு கிராமம் கிடைத்தால், மூன்று வாரம் முன்பே இரண்டு பேர் போய் ஊராட்சித் தலைவரையும் பள்ளித் தலைமையாசிரியரையும் பாருங்கள். என்ன வேண்டும் என்று அவர்களைச் சொல்லவிடுங்கள். நூறு மரக்கன்று நட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவது முகாமே இல்லை. தண்ணீர் ஊற்றப் பெயர் சொல்லி ஒருவர் ஒப்புக்கொண்ட கன்றுகளை மட்டும் நடுங்கள், பத்தானாலும் சரி.

பாலாற்றுப் படுகையில் இன்ஜினியரிங் மாணவர்கள் செய்யத்தக்க வேலை கிணற்று நீர்ப் பரிசோதனை. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு இந்தப் பகுதி நிலத்தடி நீரைக் கெடுத்தது பற்றிய வழக்கில்தான், 1996இல், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டத்தின் பகுதி என்றே சொன்னது. 30 கிணறு, போர்வெல்லைத் தேர்ந்தெடுத்து வரைபடத்தில் எண் கொடுங்கள். கையடக்க டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டுவது) ஒவ்வொரு காலையும் அளவு தெரிந்த தரக் கரைசலில் சரிபாருங்கள். போர்வெல்லில் ஐந்து நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள், மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். இந்தியத் தரநிலை 10500இன்படி குடிநீரில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி.

இங்கேதான் பொறுப்பு சோதிக்கப்படும். டி.டி.எஸ். குறைவாக இருந்தால் தண்ணீர் நல்லது என்று அர்த்தமில்லை. குரோமியமும் கிருமியும் அந்த மீட்டரில் தெரியாது. “இந்தத் தண்ணி குடிக்கலாமா தம்பி?” என்று ஒரு பாட்டி கேட்டால், “உப்பு எவ்வளவுன்னு மட்டும்தான் இதுல தெரியும் பாட்டி, குடிக்கலாமான்னு லேப்ல குடுத்துத்தான் சொல்ல முடியும்” என்பதுதான் பதில். தெரிந்ததோடு நிறுத்திக்கொள்ளும் இந்தப் பழக்கம் இல்லாத இன்ஜினியர், பிற்பாடு கஸ்டமரிடம் வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்வார்.

இன்டர்வியூவுக்கு ஒரு பக்கம்

ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்த வாரத்திலும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். என்ன பொறுப்பு, எத்தனை பேர், எவ்வளவு பணம், எது கெட்டது, நீங்கள் எடுத்த முடிவு என்ன, மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள். ஒரு வருஷம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் எண்கள் இருக்காது, ‘கடுமையாக உழைத்தோம்’ மட்டும் இருக்கும்.

‘சிம்போசியத்தை வெற்றிகரமாக நடத்தினேன்’ என்பதைக் கேட்டு எந்த ஹெச்.ஆரும் நிமிர்ந்து உட்கார மாட்டார். ‘260 பேர் சாப்பாடு என் பொறுப்பு. பதினொரு மணிக்கு டோக்கன் எண்ணியதில் 38 கூடுதலாக இருந்தது. சமையல்காரர் 20 வரைதான் முடியும் என்றார். மீதி 18 பேருக்குக் கேன்டீனில் ஏற்பாடு செய்தேன், எதிர்பாராத செலவு ஒதுக்கீட்டிலிருந்து கொடுத்தேன்’ என்று சொன்னால் அடுத்த கேள்வி அதிலிருந்தே வரும். அதுதான் உங்களுக்கு வேண்டியதும். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இந்தப் பக்கத்தை முதலில் தமிழிலேயே எழுதிவிட்டு, எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனப்பாடம் செய்தால் குறுக்குக் கேள்வியில் உடைந்துவிடும். செய்ததைச் சொல்லும்போது உடையாது.

தோல்வியைக் கேட்டால் மறைக்க வேண்டாம். ‘நாங்கள்’ என்று தொடங்கித் தப்பிக்கவும் வேண்டாம். ‘எண்ணிக்கையை முதல் நாளே உறுதி செய்யாதது என் தவறு’ என்று சொல்லிவிட்டு அதன் பிறகு மாற்றிய முறையைச் சொல்லுங்கள்.

ஒப்படைப்பு

பெரும்பாலான கிளப்புகள் ஒவ்வொரு வருஷமும் பூஜ்யத்திலிருந்து தொடங்கக் காரணம், சீனியர் போகும்போது எல்லாம் அவரோடு போய்விடுவதுதான். டிரைவ் ஃபோல்டர் சீனியரின் காலேஜ் மெயிலில் இருக்கும். பாஸ் அவுட் ஆனதும் அந்த மெயிலை மூடுவார்கள், சர்டிபிகேட் டெம்ப்ளேட், பங்கேற்பாளர் பட்டியல், போட்டோ எல்லாம் சேர்ந்து போகும். கிளப்புக்கென்று ஒரு பொது மெயில் கேட்டு வாங்கி, ஃபோல்டரின் உரிமையையே அதற்கு மாற்றுங்கள். ஷேர் செய்தால் மட்டும் போதாது. இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டும் ஓ.டி.பி. வரும் போன் எண்ணும் சேர்ந்து கைமாற வேண்டும்.

பழைய செமஸ்டர் முடிவதற்குள் புது ஆள் வந்து ஒரு சின்ன நிகழ்ச்சியை நீங்கள் அருகில் இருக்கும்போதே நடத்திப் பார்க்கட்டும். வாய் திறக்காமல் பின்வரிசையில் உட்காருங்கள். பிறகு இரண்டு பக்கக் குறிப்பு கொடுங்கள். அதில் ‘கேட்டரிங் நல்லா இருந்தது’ என்று எழுதாதீர்கள். சமையல்காரர் எண், கொடுத்த ரேட், எத்தனை மணிக்கு எண்ணிக்கை சொன்னோம், எத்தனை இலை மீந்தது, செமினார் ஹாலில் எந்த பிளக் எந்த எம்.சி.பி. என்று எழுதுங்கள். டேப்பில் ஒட்டிய எண்களை மட்டும் கிழிக்காமல் விட்டுவிடுங்கள்.